மருதாணி வைக்கலாமா? கேப்சிடபின் மாத்திரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை இரண்டாவது சுற்று நடக்கிறது. உள்ளங்கை சிவந்து, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறார். சூடு தணிய மருதாணி வைக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். கடைகளில் விற்கும் பல கோன்களில் ரசாயனச் சாயம் கலந்திருக்கும். ஏற்கெனவே நொந்த தோலைப் புண்ணாக்கிவிடும். வீட்டில் அரைத்த இலையென்றாலும் ஒரு சிக்கல் உண்டு. மருதாணிச் சிவப்பு தோலின் சிவப்பை மறைத்துவிடும். டாக்டர் அம்மாவின் கையை விரித்துப் பார்ப்பது, எவ்வளவு சிவந்திருக்கிறது, எங்கே உரிந்திருக்கிறது என்று கணித்து, மாத்திரையைக் குறைப்பதா நிறுத்திவைப்பதா என்று முடிவுசெய்யத்தான்.

இந்த மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் இப்படிப் பாதிக்கப்படுவதை ஹேண்ட்-ஃபுட் சிண்ட்ரோம் என்பார்கள். முதலில் மதமதப்பு, பிறகு சிவப்பு, வீக்கம், வலி, கடைசியில் தோல் உரிதல். அழுத்தமும் உராய்வும் சூடும் படுகிற இடத்தில் கூடுதலாக வரும். எனவே துணி பிழிவது, சப்பாத்தி தேய்ப்பது, கத்தியை அழுத்திப் பிடித்துத் தேங்காய் கீறுவது எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது செய்யட்டும். மொட்டைமாடியில் வெறுங்காலோடு வற்றல் காயப்போடக் கூடாது. வெந்நீர்க் குளியலும் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். துடைக்கும்போது தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். இறுக்கமான செருப்புக்குப் பதில் மெத்தென்ற செருப்பு.

10% யூரியா கலந்த கிரீமை முதல் மாத்திரை போட்ட நாளிலிருந்தே நாளுக்கு மூன்று முறையும், ஒவ்வொரு தடவை கை கழுவிய பிறகும் தடவலாம். வெடித்த இடத்தில் தடவாதீர்கள், எரியும். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 263 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. 1% டைக்ளோஃபினாக் ஜெல் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கும் இந்தத் தொல்லை நடுத்தர அளவிலோ கடுமையாகவோ வந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு இதைத் தொடங்கலாம். மூட்டு வலிக்கு விற்கும் பல ஜெல்களில் மெந்தால், மெத்தில் சாலிசிலேட் சேர்த்திருப்பார்கள். அது இதற்கு ஆகாது. தனி டைக்ளோஃபினாக்தானா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள்.

வலி வந்து சட்டைப் பொத்தான் போடவே சிரமப்பட்டால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். நேற்று ஆறு தடவை வயிற்றுப்போக்கு. மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்று பயந்து தொடர்ந்து போடுகிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வழக்கமாகப் போவதைவிட நாளுக்கு 4 தடவை கூடுதலாகப் போனாலோ, தூக்கத்தில் எழுந்து போக நேர்ந்தாலோ, டாக்டர் சொல்லும்வரை கேப்சிடபின் போடக் கூடாது. சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடங்குவது சிகிச்சையிலேயே உள்ள முறை. பயத்தில் தொடர்ந்து போடுவதுதான் ஐ.சி.யூ. வரை கொண்டுபோகிறது. விட்டுப்போன மாத்திரைகளைப் பிறகு சேர்த்துப் போட வேண்டாம். சுற்று முடிந்ததும் மீதியை மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இல்லையென்றால், டாக்டர் அனுமதியோடு, போக்கை நிறுத்தும் லோபராமைடு 2 மி.கி.: முதலில் 2 மாத்திரை, பிறகு ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பின் ஒன்று, நாளுக்கு 8-க்கு மேல் போகக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கிற தவறு. உப்பு மிகுந்து போக்கு கூடிவிடும். கஞ்சி, இட்லி, தயிர் சாதம் கொடுக்கலாம். பால், காபி, கீரை, சுண்டல் இப்போதைக்கு வேண்டாம்.

உடல் வெப்பம் 100.4 டிகிரி தொட்டால், பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் இரவானாலும் கிளம்புங்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம். முதல் சுற்றின் முதல் சில நாட்களிலேயே வாய் முழுக்கப் புண்ணும் கடும் போக்கும் சேர்ந்து வருகிறதா? மருந்தைச் சிதைக்கும் டி.பி.டி. என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகும்.

கேள்வி: சோர்வுக்கு இரும்புச் சத்து மாத்திரை சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கேட்காமல் வேண்டாம். நம் ஊரில் இரும்புச் சத்து மாத்திரைகளில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அது கேப்சிடபினின் பக்கவிளைவைக் கூட்டக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டின் வீரியமும் உடலில் ஏறிவிடும்.

கேப்சிடபின் மாத்திரையை உணவு முடிந்து அரை மணிக்குள், 12 மணி நேர இடைவெளியில், தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். பொடிக்கக் கூடாது. எடுத்துக் கொடுக்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் மாத்திரையைத் தொடவே வேண்டாம். போட்டதும் வாந்தி வந்தால் மறுபடி போடாமல் அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள்.

கேள்வி: ரேஷன் கடையில் மனைவியின் கைரேகை விழவில்லை. மாத்திரைதான் காரணமா?
– வாசகர், மதுரை

பதில்: இருக்கலாம். தோல் உரிந்து ரேகை மங்குவது இந்த மருந்தில் தெரிந்த விஷயம்தான். பெரும்பாலும் மருந்து முடிந்து சில வாரங்களில் திரும்பிவிடும். ஆதாரில் கருவிழிப் பதிவும் இருக்கிறது, அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையில் பெயருள்ள வேறு யாராவது போய் விரல் வைக்கலாம். ஓய்வூதியர் என்றால், ஜீவன் பிரமான் ஆயுள் சான்றை முகத்தைக் காட்டியே மொபைலில் எடுக்க முடியும். ரேகை மங்கியது சிகிச்சையால்தான் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வங்கியிலும் கேட்பார்கள்.