முடிச்சைத் தொட்டுப் பார்த்த சிறுவன்

அன்புள்ள ஐயா,

நான் இருபது ஆண்டுகளாக மியூனிக்கில் வசிக்கிறேன். காருக்கான பிரேக் செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் படிக்கும் என் மகளின் வற்புறுத்தலால் அண்மையில் ஒரு பாறையேற்ற உள்ளரங்குக்குப் போயிருந்தேன். சுவரின் உச்சியிலிருந்து தொங்கும் கயிற்றின் ஒரு முனையை நான் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மறுபக்கத்தை மகள் பிடித்துக்கொண்டாள். பாதிச் சுவரிலேயே முன்கைகள் கல்லாக இறுகிவிட்டன. எப்படியோ உச்சியைத் தொட்ட பிறகு கையை எடுக்க மனம் வரவில்லை. "அப்பா, விட்டுட்டு உட்காருங்க" என்று அவள் கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தாள்.

இளமையில் வெள்ளியங்கிரி ஏறியவன் நான். வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்த சுவரில் காசு கொடுத்து ஏறுவது மலையேற்றமா, மலையின் பொம்மையா? இந்த வயதில் இதைத் தொடரலாமா? தொடர்வதென்றால் காலணி வாங்கிவிடலாமா, வாடகைக் காலணியே போதுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஏறுவதற்கு முன்னால், மகளுடைய தோழியின் தம்பி, பதினான்கு வயதிருக்கும், என் எதிரே வந்து நின்று இடுப்பிலிருந்த முடிச்சை இழுத்துப் பார்த்தான். இடுப்பு வாரின் பூட்டை விரலால் நெருடினான். ஒருமையில் ஏதோ சொல்லிவிட்டு, போகலாம் என்று தலையசைத்தான். முடிச்சை நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். நம் ஊரில் ஒரு பையன் பெரியவர்களிடம் இப்படி நடந்துகொள்வானா என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல வேண்டியது கடைசிப் பத்தியைப் பற்றித்தான் இருக்கிறது.

வெள்ளியங்கிரியில் நீங்கள் மூங்கில் கழியை ஊன்றி ஏழு மலை நடந்தீர்கள். பெரிய காரியம்தான், ஆனால் அது நடை. செங்குத்தான பரப்பில் விரல்களாலும் கால்முனையாலும் உடலைத் தாங்குவது வேறு வித்தை. அதைக் கற்கும் இடமாகத்தான் இந்தச் சுவர்கள் தோன்றின. 1964-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்கல்வி விரிவுரையாளர் ஒரு நடைவழியின் செங்கற்சுவரில் கற்களைப் பதித்துவைத்தார். மழையும் பனியுமான மாதங்களில் மாணவர்கள் அதில் பழகினார்கள், வெயில் வந்ததும் பாறைக்குப் போனார்கள். நீங்கள் இருக்கும் பவேரியாவிலேயே, 1988-இல் வோல்ஃப்காங் கியூலிஷ் நியூரம்பெர்க்கின் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சரிந்த பலகை ஒன்றில் மரச்சட்டங்களை வரிசையாக அறைந்து, கால்களைத் தொங்கவிட்டு விரல்களால் மட்டும் தாவித்தாவி ஏறிப் பயின்றார். அந்தப் பயிற்சியின் பலத்தில் 1991-இல் ஃபிராங்கன்யூரா பாறைப் பகுதியில் அவர் ஏறிய 'ஆக்சியோன் திரெக்ட்' என்ற பாறைவழி, அன்றுவரை ஏறப்பட்டவற்றுள் உலகிலேயே மிகக் கடினமானதாகக் கருதப்பட்டது. அந்த மரச்சட்டப் பலகையைப் பொம்மை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிய கேள்விக்கு இரண்டு வரி போதும். விரல்களை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. பயந்தவன் பிடியைத் தேவைக்கு மேல் இறுக்குவான், முன்கை கல்லாகும். கையை நீட்டித் தொங்கவிட்டு, காலால் உந்துங்கள். தசைநாண்கள் தேற நேரம் எடுக்கும் வயது என்பதால் அடுத்தடுத்த நாட்களில் போகாதீர்கள்.

ஒருமையில் பேசினான் என்பதையும் விட்டுவிடுங்கள். மலையிலும் ஏறுகூடத்திலும் ஜெர்மானியர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள் என்பது, இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்த உங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் எழுதினீர்கள் என்றால், உங்களை உறுத்தியது அவன் மொழி இல்லை, அவன் கை.

அந்தக் கை என்ன செய்தது என்று பார்ப்போம். உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள்: கயிற்றின் முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு கை நீளம் தள்ளி எட்டு வடிவில் ஒரு முடிச்சு போட வேண்டும், மீதி முனையை ஹார்னஸின், அதாவது இடுப்பிலும் தொடையிலும் பூட்டிக்கொள்ளும் வாரின், முன்புறமுள்ள இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைக்க வேண்டும், பிறகு அதே முனையை, முதலில் போட்ட எட்டின் வழித்தடத்திலேயே திருப்பிக் கொண்டுவந்து இழுத்து இறுக்க வேண்டும். இந்த மூன்றாவது வேலை விட்டுப்போனால் என்ன ஆகும்? முதல் எட்டு கயிற்றில் அப்படியே இருக்கும். முனை வளையத்துக்குள் நுழைந்து தொங்கும். போகிற போக்கில் பார்ப்பவர் கண்ணுக்கு அது முடிச்சாகவே தெரியும். நீங்கள் ஏறத் தொடங்குவீர்கள்; ஏறும்போது உங்கள் எடை கயிற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது, ஆகவே கயிறு ஒன்றும் சொல்லாது. பாதிச் சுவரிலும் சொல்லாது. உச்சியைத் தொட்டு, கீழே உள்ளவரை நம்பிக் கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்கிறீர்கள் அல்லவா, அந்தக் கணத்தில்தான் அந்த முடிச்சிடம் முதன்முதலாக ஒரு வேலை கேட்கப்படுகிறது. தரையில் செய்த பிழை, எந்த உயரத்தில் அது மிக அதிகமாகக் கொல்லுமோ அந்த உயரம்வரை வாயை மூடிக்கொண்டு உங்களோடு வரும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணி அவர் காலத்தின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவர். 1989-இல் தென் ஃபிரான்சின் பியூக்ஸ் (Buoux) என்ற ஊரின் பாறையில், அவருக்கு உடம்பைச் சூடேற்றிக்கொள்ள மட்டுமே போதுமான ஓர் எளிய வழியில் ஏற ஆயத்தமானார். கயிற்றை ஹார்னஸில் நுழைத்தார். காலணியை மாட்டிக்கொள்ளச் சற்று நகர்ந்தார். அங்கே ஒருவரோடு பேச்சு வந்தது. முடிச்சு அரைகுறையாகவே நின்றது. உச்சிவரை ஏறி, கீழே இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தார். ஏறக்குறைய 22 மீட்டர் விழுந்தார். ஒரு மரம் குறுக்கிட்டதால் உயிர் பிழைத்தார். அதன்பின் உடல் தேறி, 1993-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள எல் காப்பிட்டன் பாறையில் 'மூக்கு' என்று அழைக்கப்படும் வழியை, கருவிகளில் தொங்கி உடலை இழுத்துக்கொள்ளாமல் கைகால்களால் மட்டுமே ஏறிய முதல் மனிதராக வரலாற்றில் இடம்பெற்றார் என்பது வேறு கதை. அவருக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்று எந்த மூடனும் சொல்ல மாட்டான். தெரிந்திருந்ததுதான் அங்கே ஆபத்து. பழகிய வேலையைக் கை தானாகச் செய்யும், மனம் வேறெங்கோ இருக்கும். கை பாதியில் நிறுத்தியதை மனம் முடித்துவிட்டதாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கைத் திருத்த இன்னொருவரின் கண் வேண்டும், கண்ணோடு விரலும் வேண்டும், ஏனென்றால் பார்த்தால் முடிச்சாகத் தெரிவது இழுத்தால்தான் அவிழும்.

ஆகவேதான் அங்குள்ள மலையேறுவோரின் அமைப்பான ஜெர்மன் ஆல்பைன் சங்கம், தேர்ந்தவர்களும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஓயாமல் வலியுறுத்துகிறது. இதில் வயது, பதவி, அனுபவம் எதற்கும் விலக்கு இல்லை. அந்தச் சிறுவனுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பான். இதற்கு நீங்கள் நன்றி சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. "முடிச்சை நான் சரியாகத்தான் போட்டிருந்தேன்" என்று மட்டும் இருக்கிறது. சரியாக இருந்தது என்பது அவன் இழுத்துப் பார்த்த பிறகு தெரிந்த செய்தி, ஐயா. அதற்கு முன்னால் அது உங்கள் அபிப்பிராயம்.

நீங்கள் பிரேக் செய்யும் நிறுவனத்தில் வேலை செய்கிறவர் என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. இன்னொரு பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் உங்கள் வரைபடம் தொழிற்கூடத்துக்குப் போகுமா? நான்கு கண்கள் பார்க்க வேண்டும் என்ற விதியை அந்த நாட்டில் கணக்கர் முதல் எல்லோரும் சொல்வார்கள். அங்கே கையெழுத்துக் கேட்டு நிற்பதில் உங்களுக்கு மானக்கேடு இல்லை. இடுப்பில் கட்டிய கயிற்றுக்கு வந்ததும் ஊர் நினைவு வந்துவிடுகிறது.

நம் ஊரில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெங்களூரில் என் தங்கை மகன் பழகும் ஓர் ஏறுகூடத்துக்கு அவனோடு போயிருக்கிறேன். அங்கே பயிற்சி தந்த பெண்ணுக்கு இருபது சொச்சம் வயது இருக்கும். கன்னடப் பெண், நல்ல தமிழ் பேசினாள். வரிசையில் எனக்கு முன்னால் தொழிலதிபர்போல் இருந்த ஒருவர் நின்றார். அவள் அவர் அருகில் போய், "சார், தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள். அவர், "அதெல்லாம் கரெக்டா இருக்கும்மா" என்று கையால் தடுத்துவிட்டுச் சுவரை நோக்கித் திரும்பினார். அவள் விடவில்லை, சிரித்துக்கொண்டே சுற்றிவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தன் வேலையைச் செய்து முடித்தாள். ஆனால் அந்த மன்னிப்பு என் மனத்தில் தங்கிவிட்டது. ஒருவரின் உயிரைக் காப்பதற்கு அவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அவளைவிடக் கூச்சமுள்ள ஒரு பயிற்சியாளராக இருந்திருந்தால் பேசாமல் நகர்ந்திருப்பார், மரியாதையும் கெட்டிருக்காது.

நாம் சோதிக்கப்படுவதை அவமானமாக எடுத்துக்கொள்கிறோம். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி நம் நாக்கு நுனியில் எப்போதும் இருக்கிறது. இதை நான் நெடுநாளாக யோசித்துவருகிறேன், காரணம் என் அப்பா.

அவர் ஒரு சிற்றூர் வங்கிக் கிளையில் ஹெட் கேஷியராக இருந்தார். பணம் வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேனேஜரிடம், மற்றொன்று அப்பாவிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். புதிதாக வந்த ஒரு மேனேஜர், காலையில் தாமதமாக வரும் பழக்கமுள்ளவர், ஒருநாள் தன் சாவியையும் அப்பாவிடம் நீட்டி, "இதையும் நீங்களே வச்சுக்குங்க, உங்கள நம்பாம வேற யார நம்பறது" என்றார். பெரிய பாராட்டு. அப்பா சாவியை வாங்கவில்லை. நாங்கள் சிறுபிள்ளைகள், அன்றிரவு சாப்பிடும்போது அம்மா, "மனுஷன் மரியாதையாத்தானே குடுத்தார், ஏன் மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசினீங்க" என்று கேட்டாள். அப்பா சொன்னார்: "நாளைக்கு ஒரு கட்டு குறைஞ்சா, அவரோட நம்பிக்கை என்கூட போலீஸ் ஸ்டேஷனுக்கு வருமா?" அந்த மேனேஜர் மாற்றலாகிப் போகும்வரை அப்பாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அப்பாவும் கவலைப்படவில்லை. இரண்டாவது சாவி தன்னைச் சந்தேகிப்பதற்காக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தன் கை தவறினால் தன்னைத் தாங்குவதற்கு அது இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார், அதைப் பிடிவாதமாகக் கேட்டும் வாங்கினார். என்னைப் பொறுத்தவரை அந்தச் சிறுவன் உங்களுக்குக் கொடுத்தது அந்த இரண்டாவது சாவி.

இன்னும் ஒரு விஷயம், இதற்காகத்தான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். சோதனை இருவழி. கயிறு பிடிப்பவர் ஏறுபவரைப் பார்க்க வேண்டும். ஏறுபவர் கயிறு பிடிப்பவரைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளின் ஹார்னஸ் வார் பூட்டியிருந்ததா? கயிறு, அதைப் பிடித்து நிறுத்தும் அவளுடைய கருவிக்குள் சரியான திசையில் ஓடியதா? சில தானியங்கு பிடிப்புக் கருவிகளில் கயிற்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் அது பிடிக்காது; அதற்காகவே ஏறுபவர் பக்கம் எது, கைப்பக்கம் எது என்று படம் பொறித்திருப்பார்கள்; ஏறுபவரின் பக்கத்துக் கயிற்றை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தால் கருவி கவ்வுகிறதா என்று தெரிந்துவிடும். அந்தக் கருவியை ஹார்னஸோடு இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினரின் திருகு மூடியிருந்ததா? இவற்றில் ஒன்றையாவது நீங்கள் பார்த்ததாக எழுதவில்லை. சிறுவன் உங்களைத் தொட்டதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. உங்கள் உயிரைக் கையில் பிடித்திருந்த பெண்ணின் கருவியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மகள்மேல் அவ்வளவு நம்பிக்கை என்பீர்கள். அந்த மேனேஜருக்கும் என் அப்பாமேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

இது உங்களுக்காக மட்டுமல்ல. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், கயிறு தன் கையில் இருந்தது என்ற நினைப்போடு அந்தப் பிள்ளைதான் மீதி வாழ்நாளைக் கழித்திருக்க வேண்டும். அவள் கருவியைச் சோதிப்பது அவளை அதிலிருந்து காப்பதும்தான். பெற்ற பிள்ளையின் வேலையைத் திருத்துவது நமக்குப் பழக்கம், குறை சொல்வதும் பழக்கம். குறையே காணாமல், திட்டாமல், பார்த்துவிட்டுத் தலையசைப்பது நமக்குப் பழக்கமில்லை. அதை அந்தச் சிறுவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

உச்சியில் கையை விட முடியாமல் நின்றதற்காக வெட்கப்படாதீர்கள். அத்தனை உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் பிடியைக் கட்டிக்கொள்வது உடம்பின் நல்ல புத்தி. "விட்டுட்டு உட்காருங்க" என்று மகள் கத்தியபோது நீங்கள் கடைசியில் உட்கார்ந்தீர்களே, ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் யார் சொல்லியும் அப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை கயிற்றை நீங்கள் பிடியுங்கள், அவள் ஏறட்டும். அதற்கு முன்னால் அங்கே நடத்தும் கயிறு பிடிக்கும் வகுப்புக்குப் போய்விடுங்கள்.

காலணியை இப்போது வாங்காதீர்கள். தொடர்ந்து போவீர்கள் என்று உறுதியாகும்வரை வாடகைக் காலணி போதும். வாங்கும்போது பிற்பகலில் போங்கள், அந்நேரம் பாதம் சற்று உப்பியிருக்கும். விரல்கள் முனையைத் தொட வேண்டும், வலிக்கக் கூடாது. கடைக்காரப் பையன் இன்னும் சிறிய அளவுதான் சரி என்று வற்புறுத்தினால் கேட்காதீர்கள். அவனுக்கு இருபது வயது, கால் வலி தெரியாது.

அன்புடன்