லண்டனில் பூனைக்கு வைத்தியம்: முதலில் சிப்பைப் பாருங்கள், அப்புறம் பில்லைப் பேசலாம்

தம்பி, நீங்கள் கேட்டதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் வந்து ஈஸ்ட் ஹாமில் நாலைந்து பேரோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். பின்பக்கத் தோட்டத்துக்கு வந்த ஆண் பூனை உங்களிடமே தங்கிவிட்டது. ஒரு கண்ணில் நீர் வடிகிறது. நம்ம சென்னை வேப்பேரி மாதிரி மிருகங்களுக்கு அரசு ஆஸ்பத்திரி உண்டா, குறைந்த செலவில் எங்கே காட்டலாம், என்ன தீனி போடலாம், படிப்பு முடிந்ததும் ஊருக்குக் கொண்டுபோகலாமா? இவைதானே கேள்வி.

தீனிக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் ‘கம்ப்ளீட்’ என்று போட்டிருக்கும் எந்தப் பூனைத் தீனியும் போதும், பால் ஊற்றுவதை மட்டும் தவிருங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். மற்றதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் புரசைவாக்கத்தில் வளர்ந்தவள். 1903-இல் தொடங்கிய அந்த வேப்பேரி கால்நடைக் கல்லூரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆடு, மாடு, நாய், கிளி என்று எல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கும். அப்படி ஒன்றை இங்கே தேடாதீர்கள், கிடையாது. இந்த நாட்டு அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் மனிதர்களுக்கு மட்டும்தான். மிருகத்துக்கு வைத்தியம் என்றால் தனியார் கிளினிக் அல்லது தர்ம ஸ்தாபனம். தனியாரிடம் போனால் பில்லில் 20 சதவீதம் வாட் வரி வேறு.

ஆனால் காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்தப் பூனை யாருடையது? நம் ஊரில் தெருவில் திரியும் பூனை தெருப்பூனை. இங்கே தெருவில் திரியும் பூனைகளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் வீட்டில் கட்டில் இருக்கும், பெயர் இருக்கும். காலையில் வெளியே போய் ராத்திரி திரும்புவது இங்கத்துப் பூனைகளின் வழக்கம். உங்களிடம் சாப்பிடுகிறது என்பதால் அது உங்கள் பூனை ஆகிவிடாது. 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் 20 வாரம் தாண்டிய வீட்டுப் பூனைக்கு, உரிமையாளரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் கட்டாயம், போடாத உரிமையாளருக்கு 500 பவுண்டு வரை அபராதம் வரலாம். சட்டத்தின் கண்ணில் பூனை ஒருவருடைய சொத்து. பூனையைக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கி அதே ஆண்டில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. விசாவில் இருக்கிற பிள்ளை நீங்கள், பக்கத்துத் தெருக்காரரோடு போலீஸ் வரைக்கும் போகும் பேச்சு உங்களுக்கு எதற்கு?

எந்த ‘வெட்’டிடமும் (கால்நடை டாக்டரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கொண்டுபோய் ‘ஸ்கேன் மட்டும் செய்து பாருங்கள்’ என்று கேளுங்கள். பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள். நர்ஸ் ஒரு சின்னக் கருவியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மெதுவாக ஓட்டுவார். சிப் இருந்தால் பீப் என்று சத்தம் வந்து திரையில் 15 இலக்க எண் தெரியும். அவர்களே உரிமையாளரைத் தேடிப் பேசுவார்கள். இடது காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னையில் கருத்தடை செய்த தெருநாய்க்குக் காதில் அடையாளம் போடுவார்களே, அதே கணக்கு. அந்தப் பூனைக்குக் கருத்தடை முடிந்துவிட்டது என்று அர்த்தம். சிப் இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டையில் ‘இந்தப் பூனைக்கு வீடு இருக்கிறதா? இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்’ என்று எழுதிக் கழுத்தில் லேசாகச் சுற்றி அனுப்புங்கள்.

யாரும் கேட்டு வரவில்லை, சரி, உங்கள் பூனைதான் என்று ஆகிறது. இனிமேல்தான் நம்மவர்களின் அறிவுரை ஆரம்பிக்கும். இங்கே இருபது வருடம் இருந்தும் ஒரு கடிதத்தை முழுதாகப் படிக்காதவர்கள்தான் புதிதாக வந்தவர்களுக்கு அதிகம் வழிகாட்டுகிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ‘பிடிஎஸ்ஏ-வில் ஃப்ரீயாகப் பார்ப்பார்கள், போ’ என்பார்கள். பிடிஎஸ்ஏ நல்ல ஸ்தாபனம். 1917-இல் மரியா டிக்கின் என்ற அம்மையார் வைட்சாப்பலில் ஏழைகளின் மிருகங்களுக்காகத் தொடங்கியது. 1906-இல் விக்டோரியாவில் ஆஸ்பத்திரி திறந்த ப்ளூ கிராஸும் அதே மாதிரி ஸ்தாபனம்தான். ஆனால் இவர்களிடம் சலுகை வைத்தியம் பெற பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் மாதிரி அரசு உதவி வாங்குபவராக இருக்க வேண்டும், அவர்கள் சொல்லும் வட்டாரத்தில் வீடும் இருக்க வேண்டும். உங்கள் விசாவிலோ அரசு உதவி எதுவும் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அதையும் மீறி ‘ஒரு விண்ணப்பம் போட்டுவை, கடிதம் வந்தால் பூனைக்கு ஆகும்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது விசாவையே கெடுக்கும். மாணவர்களுக்குக் கவுன்சில் டாக்ஸில் கிடைக்கும் விலக்கு வேறு, அது உங்களுக்கு உரியதுதான், பயப்பட வேண்டாம்.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது செலியா ஹாமண்ட் அனிமல் டிரஸ்ட். 1960-களில் பெயர்பெற்ற மாடலாக இருந்த செலியா ஹாமண்ட், முக்கியமாகப் பூனைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு. கேனிங் டவுனில் பார்க்கிங் (Barking) ரோட்டில் குறைந்த கட்டணக் கிளினிக் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஈஸ்ட் ஹாம் வழியாகப் போகிற அதே பார்க்கிங் ரோடுதான், பஸ்ஸில் போய்விடலாம். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முதலில் அங்கே கேளுங்கள். கட்டாயம் போன் செய்து நிபந்தனை, கட்டணம் எல்லாம் கேட்டுக்கொண்டு போங்கள்.

தனியாரிடம்தான் போக வேண்டும் என்றாலும் எல்லாரும் ஒரே விலை இல்லை. 2013-இல் இந்த நாட்டு வெட் கிளினிக்குகளில் பத்தில் ஒன்றுதான் பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தது. பத்தே வருடத்தில் அது கிட்டத்தட்ட ஆறாகிவிட்டது. 2016-லிருந்து 2023-க்குள் கட்டணம் 63 சதவீதம் ஏறியது என்று சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பே சொல்லியிருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு வயதான டாக்டர் நடத்திய கிளினிக்கையும் அப்படித்தான் வாங்கினார்கள். வெளியே அதே பழைய போர்டு, உள்ளே புது விலை. அதனால் இணையப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தனியாள் நடத்தும் இடங்களுக்கும் போன் செய்து கேளுங்கள். பார்க்கும் கட்டணம் எவ்வளவு, வாட் சேர்த்தா சேர்க்காமலா? டெஸ்ட் என்று சொன்னால் ‘இதன் முடிவு வைத்தியத்தை மாற்றுமா?’ என்று கேளுங்கள், மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். தொடர்ந்து கொடுக்க வேண்டிய மருந்துக்குச் சீட்டு மட்டும் வாங்கி ஆன்லைன் மருந்தகத்தில் வாங்கலாம். சீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு, அதையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் வாய்மூடி நிற்பார்கள். இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நான் கேட்கக் கற்றுக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமைதான்.

செலவுக்குப் பயந்து வீட்டில் இருக்கும் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். நாய்க்குப் போடும் தெள்ளுப்பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் விஷம். உங்களுக்கு எழுதிக் கொடுத்த கண் சொட்டு மருந்தும் கூடாது. கருவிழியில் புண் இருந்து, மருந்தில் ஸ்டீராய்டும் இருந்தால் பார்வையே போகலாம். கொதிக்கவைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

ஆண் பூனை என்றீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். நான் வந்த புதிதில் மேனர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தேன். கீழே வல்வெட்டித்துறை அக்கா ஒருவர், மீன் தலையை அவித்துப் போட்டு ஒரு கடுவனை வளர்த்தார். ஒரு ஞாயிறு ராத்திரி அது மண் தட்டில் போய்ப் போய்க் குந்துகிறது, ஒரு சொட்டு வரவில்லை. வயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது, கை பட்டதும் கத்தியது. மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ராத்திரி கிளினிக்கில் ரிசப்ஷன்காரர் முன்பணத் தொகையைச் சொல்லிவிட்டு முகத்தையே பார்க்கவில்லை. நான் பயந்து நின்றேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ‘முதலில் வலியைக் குறைத்துவிடுங்கோ, அதுக்கு எவ்வளவு? மிச்சத்தைப் பிறகு கதைப்பம்’ என்று கேட்டார். உடனே டாக்டரே வெளியே வந்தார். அவசர முதலுதவியும் வலி நிவாரணமும் கிடைக்க வழிசெய்வது இந்த நாட்டு வெட்டுகளின் தொழில் கடமை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இலவசம் இல்லை, ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது. மிச்சத் தொகையைத் தவணையில் கட்டினோம், வீட்டில் எல்லாருமே பத்து, இருபது போட்டார்கள். அந்தக் கடுவன் பிறகு பல வருடம் இருந்தது. அக்கா பிள்ளைகளோடு டொரொன்டோ போனபோது அதையும் டிக்கெட் போட்டுக் கூட்டிக்கொண்டே போனார்.

பூனை உங்களுடையது என்று உறுதியானதும் இன்ஷூரன்ஸ் எடுங்கள். முன்பே இருந்த நோய்க்குத் தர மாட்டார்கள், புது நோய்க்கும் பொதுவாக முதல் 14 நாள் காத்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் மிருகம் கூடாது என்று இருக்கிறதா என்றும் பார்த்து, வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நாளைக் காலையிலேயே ஸ்கேனுக்குக் கொண்டுபோங்கள், கண்ணையும் அப்போதே காட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை இழுத்தால் வார இறுதிக் கட்டணம் கேட்பார்கள்.