குச்சியாய் நிற்கும் ஃபியூஷியா: எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது?

பனிக்காலம் முடிந்ததும் வரும் தோட்டக் கேள்விகளில் இந்த முறை, தொங்கு பூக்கள் விடும் ஃபியூஷியாச் செடி பற்றித்தான் அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

எங்கள் பின்வளவில் ‘மிஸஸ் பாப்பிள்’ ஃபியூஷியா நிற்கிறது. மார்ச் நடுப்பகுதி ஆகியும் வெறும் காய்ந்த குச்சிதான். பட்டுவிட்டதா? பிடுங்கிவிடலாமா?
— வாசகி, ஹாரோ, லண்டன்

பிடுங்காதீர்கள். மிஸஸ் பாப்பிள், ரிக்கார்ட்டோனி, டாம் தம்ப், ஹாக்ஸ்ஹெட் எல்லாம் குளிர் தாங்கும் வகைகள். தென் சிலி, அர்ஜென்டினாப் பக்கத்து மாகெல்லனிகா என்ற காட்டு ஃபியூஷியா இனத்தின் ரத்தம் இவற்றில் ஓடுகிறது. அந்த இனம் அயர்லாந்தின் மேற்குக் கரையில் சாலையோர வேலியாகத் தானாகவே பரவிக் கிடக்கிறது. கடும் பனியில் மேல்தண்டு கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டை பிழைத்திருக்கும். மே கடைசியில்தான் தரையிலிருந்து தளிர் விடுகிற செடிகளும் உண்டு. ஜூன் நடுப்பகுதி வரை எதுவும் வரவில்லையென்றால் அப்போது தோண்டிப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு சோதனை. தண்டின் நுனியில் தொடங்கி, கீழ்நோக்கி ஒரு சாண் இடைவெளியில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தப் பகுதி முடிந்துவிட்டது.

கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்க, அடிப்பகுதிக் கணுக்களில் தளிர்மொட்டு பருக்கும்வரை பொறுங்கள். லண்டனில் அது பெரும்பாலும் மார்ச் கடைசி அல்லது ஏப்ரல். இலையுதிர் காலத்திலேயே மொட்டையடிக்கும் பழக்கம் செடியைக் கொல்லக்கூடும். பழைய குச்சிகள் அடிக்கட்டைக்குப் போர்வை. அவற்றை நீக்கினால் பனி நேராக அடியில் இறங்கும். இடையில் ஒரு வாரம் வெயில் வந்தால் தளிர் கிளம்பும், அடுத்த உறைபனியில் கருகும். அப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் வேரில் இருந்த சேமிப்பு காலி.

வெட்டும்போது உயிருள்ள கணுக்களில் மிகக் கீழே உள்ள ஜோடிக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். தண்டு முழுவதும் செத்திருந்தால் தரையோடு வெட்டலாம், தயக்கம் வேண்டாம். ஃபியூஷியா அந்த ஆண்டு விடும் புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் பூ போய்விடாது. சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மேல்தண்டும் பிழைத்திருந்து செடி உயரமாக வேண்டுமென்றால் செத்த குச்சிகளை மட்டும் எடுத்து, மற்றதில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

வெட்டிய பின் சதுர மீட்டருக்கு 70 கிராம் பொது உரம் தூவி, 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மக்கிய உரத்தால் மூடாக்கு போடுங்கள். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். புதிதாக ஒரு செடி நடுவதானால், தொட்டியில் இருந்த மண்மட்டத்தைவிட 5 சென்டிமீட்டர் ஆழமாக நடுங்கள்; மண்ணுக்குள் போன கணுக்கள்தான் அடுத்த குளிரில் அதன் காப்பீடு.

கராஜில் வைத்திருந்த தொங்கும் கூடைச் செடிகளை எப்போது வெளியே எடுப்பது?
— வாசகர், லெஸ்டர்

இவை குளிர் தாங்காத வகைகள், அதனால் இரண்டு கட்டம். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் வெளிச்சமும் 10 டிகிரிச் சூடும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். வெளியே விடுவது மே கடைசியில், உறைபனி அபாயம் தீர்ந்த பிறகு. அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே வைத்துப் பழக்க வேண்டும்.

உள்ளே கொண்டுவந்ததும் ஒவ்வொரு கிளையையும் ஓரிரு கணு மட்டும் விட்டுக் குறையுங்கள். ஒட்டியிருக்கும் பழைய இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். துரு நோயும் வெள்ளை ஈ முட்டையும் அங்கேதான் தங்கும். காய்ந்த தண்டின் மேல் தினம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரைத் தெளித்தால் தளிர்மொட்டுகள் சீக்கிரம் உடையும்.

தளிர் அரை சென்டிமீட்டர் ஆனதும் தொட்டி மாற்றுங்கள். வேரும் மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டைத் தட்டி, பழைய மண்ணில் மூன்றில் ஒரு பங்கை உதிர்த்து, தடித்த வேர்களைக் கத்தரித்து, முன்பு இருந்ததைவிட ஒரு அளவு *சிறிய* தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டி கொடுத்தால், குறைந்த வேரால் உறிஞ்ச முடியாத ஈரம் தேங்கி வேர் அழுகும். வேர் சுவரைத் தொட்டதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

ஒவ்வொரு தளிரும் மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள்; கிளைத்து அடர்த்தியாகும். கடைசிக் கிள்ளலில் இருந்து ஒற்றை அடுக்குப் பூவுக்கு ஏறக்குறைய 8 வாரம், இரட்டை அடுக்குக்கு 10 வாரம். ‘தாலியா’ போன்ற ட்ரிஃபில்லா வகைகள் மட்டும் விதிவிலக்கு. அவை கிளை நுனியில் கொத்தாகப் பூப்பவை. ஓயாமல் கிள்ளினால் பூவே பார்க்க முடியாது.

மண் ஈரமாக இருக்கிறது, செடியோ வாடுகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றவா?
— வாசகி, குரோய்டன்

ஊற்றாதீர்கள். ஈர மண்ணில் வாடினால் வேர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பாருங்கள். வேர் பழுப்பாகக் குழைந்திருந்தால் அழுகல். வேரே இல்லாமல், ‘சி’ எழுத்தைப் போல் வளைந்த, காலில்லாத, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுக்கள் இருந்தால் அது வைன் வீவில் கூன்வண்டு. போன கோடையில் இலை விளிம்பில் அரைவட்டக் கடி தெரிந்திருந்தால் தாய்வண்டு வந்துபோன அடையாளம் அது.

புழுக்களைப் பொறுக்கி, மண்ணை முழுக்கக் கழுவிப் புது மண்ணில் வையுங்கள். மிச்சமுள்ள தொட்டிகளுக்கு இந்தப் புழுக்களைக் கொல்லும் ஸ்டைனர்னீமா கிராசியை எனும் நூற்புழுவை நீரில் கலந்து ஊற்றலாம். மண் 5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மார்ச்–ஏப்ரலைவிட ஆகஸ்ட்–அக்டோபரில் ஊற்றுவது கூடுதல் பலன்; வண்டின் புழு அப்போது சின்னது, வேரும் மிச்சமிருக்கும்.

குட்டி மரம் போல ஒற்றைத் தண்டில் வளர்த்தது. தண்டு கருகி, அடியில் மட்டும் துளிர்க்கிறது.
— வாசகர், ரெடிங்

செடி பிழைத்தது, மர வடிவம் போயிற்று. குளிர் தாங்கும் வகையானாலும் தண்டு பனியில் நிற்கக் கூடாது. அடுத்த குளிரில் உள்ளே எடுங்கள். அடித்துளிரில் திடமான ஒன்றை மட்டும் விட்டு, கழி கட்டி, விரும்பிய உயரம் வரும்வரை அதன் நுனியைக் கிள்ளாமல் வளர்த்தால் மீண்டும் மரமாக்கலாம்.

கவாத்துக்குப் பின் வந்த தளிர்கள் சிவந்து, வீங்கி, முறுக்கிக்கொள்கின்றன.
— வாசகர், சவுத்தாம்ப்டன்

ஃபியூஷியா கழலைச் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தென் அமெரிக்கப் பூச்சி இங்கிலாந்தில் 2007-இல் கண்டறியப்பட்டது. வீட்டுத் தோட்டத்தில் அடிக்கும் மருந்து எதற்கும் சரியாக அடங்காது. வீங்கிய பகுதிக்குக் கீழே நல்ல திசு வரும்வரை வெட்டி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கத்தரியையும் கையையும் கழுவாமல் அடுத்த செடியைத் தொடக் கூடாது. மறுபடி மறுபடி வந்தால் செடியை அப்புறப்படுத்துவதே நல்லது. அந்தத் தோட்டத்திலிருந்து போத்து (நடுவதற்கான தண்டுத் துண்டு) எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பேஸ்மென்ட்டில் இருந்த செடி வெளிறிய நீளத் தளிராக விட்டிருக்கிறது. அப்படியே விடலாமா?
— வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

வெட்டுங்கள். இருட்டில், 15 டிகிரிக்கு மேல் சூட்டில் வந்த தளிர் வெயிலில் நிற்காது. முற்றிய தண்டு வரை குறைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த குளிருக்கு 4 முதல் 7 டிகிரி உள்ள மூலை தேடுங்கள். வேர்க்கட்டு முழுக்கக் காயாத அளவுக்கு எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் போதும்.

ஊட்டியில் மே மாதம் பூக்க எப்போது கவாத்து செய்வது?
— வாசகர், உதகமண்டலம்

டிசம்பர், ஜனவரி உறைபனி ஓயட்டும். பிப்ரவரி நடுவில் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். உங்கள் ஊரில் தரையோடு வெட்ட அவசியம் அனேகமாக வராது. மார்ச் நடுவில் ஒரே ஒரு முறை நுனி கிள்ளினால் ஒற்றை அடுக்கு வகைகள் மே நடுவில் பூக்கும். இரட்டை அடுக்குக்கு மார்ச் முதல் வாரமே கிள்ளிவிடுங்கள். தளிர் ஓடும்போது தழைச்சத்து, மொட்டு தெரிந்ததும் சாம்பல்சத்து மிகுந்த உரம். ஜூனில் மழை பிடித்ததும் இலையடியில் ஆரஞ்சுப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள்: துரு நோய். அந்த இலைகளைப் பறித்து எரித்து, காற்று புக உள்கிளைகளை நீக்குங்கள்.

மதுரையில் மொட்டைமாடியில் வளருமா?
— வாசகி, மதுரை

வளராது. 30 டிகிரியைத் தாண்டினாலே மொட்டு கொட்டும், சிவப்புச் சிலந்திப்பேன் ஏறும். நிழல்வலை கட்டினாலும் இரவு சூடு குறையாது. அந்தத் தொட்டியில் இட்லிப்பூ வையுங்கள்.