கங்கைக் கரை அறை: முன்னால் ஓடுவது ஆறா, கால்வாயா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். இந்தத் தீபாவளிக்கு ஹரித்வார் போக ஆசை. அங்கே பழைய ஆசிரமம் ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். படித்துறை ஓட்டலை ஒட்டியே இருக்கிறது, சந்தடியே கிடையாது என்கிறார்கள். மாமியாருக்கு 72 வயது, மூட்டு வலி. தீபாவளி விடியற்காலையில் அவருக்கு கங்கா ஸ்நானம் செய்து வைக்க வேண்டும். மனைவியும் 12 வயது மகனும் கூட வருகிறார்கள். முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: இன்னும் கட்டவில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள். ஓட்டலுக்குப் போன் போட்டு முதலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சாம்னே கங்காஜியா, நஹரா?" (முன்னால் இருப்பது கங்கையா, கால்வாயா?) உங்கள் பயணம் முழுவதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஹரித்வாரின் முக்கியப் படித்துறையான ஹர் கி பௌடியில் நாம் முங்கி எழுவது கங்கை நீர்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஆற்றின் முழு ஓட்டம் இல்லை. ஊருக்குச் சற்று மேலே பீம்கோடா தடுப்பணையில் தண்ணீரைத் திருப்பி, மேல் கங்கைக் கால்வாய்க்கு விடுகிறார்கள். காட்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வெட்டி 1854இல் திறந்த பாசனக் கால்வாய் அது. ஆற்றின் சொந்த ஓட்டம், அதாவது நீல தாரா, கிழக்கே சண்டி மலை ஓரமாகப் போகிறது. ஊருக்குள் இருக்கும் பழைய தர்மசாலைகள், ஆசிரமங்கள், அவற்றிலிருந்து பிறந்த 'கங்கை பார்த்த' ஓட்டல்கள் பெரும்பாலும் திருப்பிவிட்ட இந்த ஓட்டத்தின் கரையில்தான் இருக்கின்றன.

ஆண்டுக்கு ஒரு முறை இந்தக் கால்வாயை மூடித் தூர் வாருவார்கள். எப்போது தெரியுமா? தசரா இரவு மூடி, தீபாவளி இரவு திறப்பது வழக்கம். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். ஊர் உத்தராகண்டில் இருந்தாலும் கால்வாய் உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறையின் கையில்தான். அந்த நாட்களில் படித்துறையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைப்பார்கள். மற்றபடி மணலும் கூழாங்கல்லும் வெளியே தெரியும்; பக்தர்கள் போட்ட காசைத் தேடி ஒரு கூட்டம் உள்ளே இறங்கியிருக்கும்.

நமக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். வடக்கத்தியருக்குத் தீபாவளி அமாவாசை மாலை லட்சுமி பூஜை. நமக்கோ நரக சதுர்த்தசி விடியற்காலை. இரண்டும் சில வருஷம் ஒரே தேதியில் வரும், சில வருஷம் நாம் ஒரு நாள் முந்திக்கொள்வோம். எப்படிப் பார்த்தாலும் நம் ஸ்நான நேரத்தில் கால்வாய் பெரும்பாலும் திறந்திருக்காது. ஊரெல்லாம் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று போனில் கேட்கும் காலையில், ஹரித்வாரில் நின்றுகொண்டு முழங்கால் தண்ணீர் தேடினால் மாமியார் என்ன சொல்வார்? (நான் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன். அறையைப் பதிவு செய்தபோது ஓட்டல்காரர் மூச்சுவிடவில்லை.)

சரி, என்ன செய்யலாம்? தேதியை மாற்ற முடியாது என்றால் இடத்தை மாற்றுங்கள். ஹரித்வாரிலேயே தடுப்பணைக்கு மேல்புறம், பூபத்வாலா, சப்த சரோவர் பக்கம், ஆசிரமங்கள் நிறைய உண்டு. அங்கே இந்த மூடல் தொந்தரவு இல்லை. என் யோசனை அதைவிட ரிஷிகேஷ்தான். ஹரித்வாரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ராம் ஜூலா பக்கம் ஓடுவது முழு ஆறு. மாமியார் கண்ணால் பார்த்துத் திருப்தி அடையும் கங்கை அது.

ரிஷிகேஷிலும் எந்தக் கரை என்று பார்க்க வேண்டும். ஸ்வர்க ஆசிரமக் கரை படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ராம் ஜூலா தொங்கு பாலத்தில் கார் போகாது. 2020இல் திறந்த ஜானகி சேது பாலமும் உங்கள் காருக்கு உதவாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், இல்லையென்றால் ரிஷிகேஷில் இருக்கும் பசுலோக் தடுப்பணை வழியாகக் காட்டுச் சாலையில் சுற்றி வர வேண்டும். மூட்டு வலிக்காரருக்கு அதற்கு எதிரே இருக்கும் முனி கி ரேத்தி கரைதான் நல்லது. வண்டி ஓட்டல் வாசல் வரை வருமா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிவானந்த ஆசிரமமும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. சுவாமி சிவானந்தர் நம் பத்தமடையில் பிறந்தவர், மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு 1924இல் இங்கே வந்து சேர்ந்தவர். மாமியார் திருநெல்வேலிப் பக்கம் என்றால் அவரை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

அடுத்தது கட்டடம். ஆசிரமமாக இருந்தது ஓட்டலாகும்போது வெள்ளை அடிப்பார்கள், மெத்தை போடுவார்கள், பித்தளை விளக்கு வைப்பார்கள். படிக்கட்டை மாற்ற மாட்டார்கள். சாதுக்கள் ஏறி இறங்கிய செங்குத்தான கல்படி அப்படியே இருக்கும், லிஃப்ட் அபூர்வம். சாலை மேலே, ஆறு கீழே என்பதால் 'தரைத்தளம்' என்று அவர்கள் சொல்வது எந்தத் தரை என்றும் கேட்க வேண்டும். வரவேற்பறையிலிருந்து முப்பது படி கீழே இருக்கலாம். இன்னொன்று, அந்தக் காலத்து அறைகளுக்குள் குளியலறை கிடையாது. பின்னால் சேர்த்திருப்பார்கள். கீழே குழாய் ஓடுவதற்காகக் குளியலறைத் தளத்தை அரை அடி உயர்த்தியிருப்பார்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்துபோகும் வயதானவர் தடுக்குவது அந்த இடத்தில்தான். வாட்ஸ்அப்பில் படிக்கட்டு, குளியலறை வாசல் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

சந்தடி இல்லை என்பதைப் பாதி நம்பலாம். பழைய சுவர் கனமானது, பக்கத்து அறைத் தொலைக்காட்சி கேட்காது. ஆனால் பல இடங்களில் பழைய கோயிலோ குருவின் சமாதியோ உள்ளேயே இருக்கும், விடியற்காலை நாலரைக்கு மணி அடிக்கும். உங்களுக்குத் தீபாவளி அன்று எப்படியும் அந்நேரம் எழ வேண்டும், எனவே லாபம். மாலை ஆரத்திக்கு ஒலிபெருக்கி உண்டு. ஆற்றுச் சத்தத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை: முதல் ராத்திரி மழை கொட்டுகிற மாதிரி இருக்கும், இரண்டாம் ராத்திரி பழகிவிடும். ஒரே ராத்திரி தங்கப் போகிறவர்கள் ஆறு பார்த்த அறைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சாப்பாடு முழுக்க சைவம், மது கிடையாது. அது ஓட்டலின் விருப்பம் இல்லை, ஊர்க் கட்டுப்பாடு. பால்கனியில் புதுத் துணியை உலர்த்தாதீர்கள், குரங்கு கொண்டுபோகும்.

இனி ஸ்நானம். எண்ணெய்க் குளியலை அறையிலேயே வெந்நீரில் முடித்துவிடுங்கள். எண்ணெயில் லட்சுமி, வெந்நீரில் கங்கை என்றுதானே வீட்டில் சொல்வோம்? சீயக்காயும் சோப்பும் ஆற்றுக்குப் போக வேண்டாம். பிறகு விடிந்த பின் படித்துறைக்கு இறங்குங்கள், இருட்டில் வேண்டாம். மலையிலிருந்து வரும் தண்ணீர், ஐப்பசியில் பல்லைக் கிட்டிக்கும். மேலே அணைகளில் திறந்துவிட்டால் மட்டம் சட்டென்று ஏறும், இழுப்பு எப்போதும் உண்டு. மாமியார் முங்கத் தேவையில்லை. சங்கிலி கட்டிய படியாகப் பார்த்துத் தண்ணீர் தொடும் படிக்கு ஒரு படி மேலே உட்காரவைத்து, சொம்பால் மூன்று முறை தலையில் விடுங்கள். மகன் நீச்சல் தெரியும் என்பான். நீச்சல் குளத்து நீச்சல் இங்கே செல்லாது. சங்கிலியை விடக் கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

அவனுக்கு ஆறுதலாக சௌராசி குடியாவுக்கு அழைத்துப் போகலாம். மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமமாக இருந்து, 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் வந்து தங்கிய இடம். பிறகு கைவிடப்பட்டு, 2015 கடைசியிலிருந்து வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறது. எதிர்க் கரை, நடை அதிகம். மாமியாரை அறையில் விட்டுவிட்டுப் போங்கள்.

போவதற்கு, மயூர் விஹாரிலிருந்து ஆனந்த் விஹார் பக்கம்தான், வந்தே பாரத் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் அது மாலை வண்டி. ஹரித்வாரில் இறங்கும்போது ராத்திரி ஒன்பது தாண்டிவிடும், அப்புறம் ரிஷிகேஷுக்கு டாக்ஸி. பழைய ஆசிரமப் பழக்கத்தில் பத்து மணிக்குக் கதவைச் சாத்தும் ஓட்டல்களும் உண்டு. புது தில்லியிலிருந்து காலை ஆறே முக்காலுக்குப் புறப்படும் சதாப்தியில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு அறையில் இருக்கலாம். பண்டிகை நெரிசலில் மீரட் சாலையில் கார் ஓட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டிக்கெட்டை இன்றே பாருங்கள். அறை கிடைத்துவிடும், தீபாவளிக்கு முந்தைய நாள் சதாப்தியில் நான்கு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பதுதான் பாடு.