பழைய வீட்டுச் சுவரில் 43 இன்ச் டிவியை எந்த மவுண்டில் மாட்டலாம்?

சேலத்தில் பழைய வீடு, 43 இன்ச் டிவி. அசையாத மவுண்டா, சாய்க்கிற மவுண்டா, கை மாதிரி நீட்டி இழுக்கிற மவுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மவுண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் சுவரைப் பாருங்கள்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. டிவி மாட்ட வந்த தம்பி நீட்டி இழுக்கிற மவுண்டைத்தான் கொண்டுவந்தார். டிரில் இறங்கியதும் முதலில் சாம்பல் நிறத்தில் பூச்சுத் தூள், பிறகு செங்கல் சிவப்பு. மூன்று ஓட்டையிலும் அப்படித்தான். நாலாவதில் வெளுத்த மணல் பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கல்லுக்கு நடுவே பழைய சுண்ணாம்புக் காரையில் ஓட்டை விழுந்துவிட்டது. ஸ்குரூ பிடிக்க ஓட்டையில் செருகுகிற பிளாஸ்டிக் பிளக்கை விரலால் தள்ளினாலே உள்ளே போனது. "மூணு ஸ்குரூவே தாங்கும்ங்ணா" என்றார். நான் விடவில்லை. மவுண்டை நகர்த்தி, நாலும் செங்கல்லின் நடுவில் விழுகிற மாதிரி திரும்பப் போடச் சொன்னேன். மவுண்டையும் மாற்றிவிட்டேன்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் சுமந்துவிடலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். 43 இன்ச் டிவி பெரும்பாலும் 10 கிலோவுக்குள்தான். சுவரை ஒட்டி இருக்கும்வரை பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இறங்கும். அரை மீட்டர் முன்னே இழுத்தால், மேல் ஸ்குரூ சுவரை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கும். ஓதம் ஏறிய சுவர், காரை உதிர்கிற சுவர் என்றால் நீட்டுகிற மவுண்ட் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள்? எங்கள் அம்மா பாயில் உட்கார்ந்துதான் பார்ப்பார், அப்பா நாற்காலியில். நாற்காலியில் இருப்பவர் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும், பாயில் இருப்பவருக்கு அதிலிருந்து ஒரு அடி கீழே. திரையின் நடுப்பகுதியை மூன்றரை அடியில் வைத்து, சாய்க்கிற மவுண்டில் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தோம். இரண்டு பேருக்கும் சரியாக இருக்கிறது. கதவு உயரத்துக்கு ஏற்றி மாட்டுவது பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் ஒரே வாரத்தில் கழுத்து வலிக்கும்.

வாங்கும் முன் டிவி முதுகில் உள்ள நாலு ஓட்டைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 200-க்கு 200 மில்லிமீட்டர், 400-க்கு 400 என்று மவுண்ட் பெட்டியிலேயே போட்டிருக்கும். டிவி முதுகில் முடுக்குகிற ஸ்குரூவின் நீளமும் முக்கியம். அதிகமாக இருந்தால் உள்ளே போய்ப் பேனலையே கெடுத்துவிடும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடவே விடாதீர்கள், வயர் அந்த வழியில்தான் போகும்.

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தவில்லை. மண் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர். கல்லில் டிரில் வழுக்கியது, கல்லுக்கு நடுவில் வெறும் மண். மழை மாதங்களில் மூடுபனி இறங்கினால் அந்த வெளிச்சுவரைத் தொட்டாலே கை ஈரமாகும். அங்கே மேசை மேல் ஸ்டாண்டுதான் வைத்தோம், உள்பக்கத் தடுப்புச் சுவரோரம், காற்றுப் போக ஒரு சாண் இடம் விட்டு. பேரப்பிள்ளைகள் பிடித்து இழுத்தாலும் கவிழாமல் இருக்க, டிவியின் முதுகிலிருந்து மேசைக்கு ஒரு கெட்டி நாடா போட்டுக் கட்டியிருக்கிறோம்.