3 அவுன்ஸ் சுவிம்பெயிட் (மீன் வடிவப் போலி இரை) எறிய எந்தத் தூண்டில் ராட்?

2 முதல் 5 அவுன்ஸ் வரை எறியலாம் என்று போட்டிருக்கும் ஹெவி பெயிட்காஸ்டிங் ராட் (ரீலை மேல்பக்கம் பொருத்தும் விறைப்பான ராட்) வாங்குங்கள், நீளம் 7 அடி 9 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் பெரிய பாஸ் மீனுக்கு 3 அவுன்ஸ் சுவிம்பெயிட் எறிந்தால் பாதியிலேயே விழுகிறது, இரண்டு முறை தூண்டில் நரம்பு அறுந்து லூர் (போலி இரை) மட்டும் பறந்துவிட்டது என்றீர்களே, அதற்கு உங்கள் 7 அடி மீடியம் ஹெவி ராட்தான் காரணமாக இருக்கும். அந்த வகை பெரும்பாலும் 1 அவுன்ஸ் வரைக்குத்தான். மூன்று மடங்கு எடையில் அது வளைந்தே போகிறது, லூரைத் தள்ள அதனிடம் மிச்ச பலம் இல்லை, உடனே நீங்கள் வேகமாக வீசிப் பார்ப்பீர்கள், ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றிய உருளை) சிக்கி நிற்கும், நரம்பு பட்டென்று அறும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: லூரைக் கொக்கிகளோடு சமையலறைத் தராசில் வையுங்கள் (3 அவுன்ஸ் என்றால் சுமார் 85 கிராம்), அப்புறம் ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருக்கும் லூர் எடையோடு ஒப்பிடுங்கள். புது ராடில் லூர் எடை அந்த வரம்பின் நடுவில் வர வேண்டும், உச்சியில் அல்ல.

ஆக்‌ஷன் (ராட் எந்த இடத்தில் வளைகிறது என்பது) மாடரேட் ஃபாஸ்ட், அதாவது நுனியோடு மேல்பகுதியும் வளைவதாக எடுங்கள். நுனி மட்டும் வளையும் விறைப்பான ராடில், மீன் தலையை உதறும்போது மூன்று முனைக் கொக்கி வாயிலிருந்து கழன்றுவிடுகிறது, பெரிய பாஸை அப்படி இழப்பது ரொம்ப வலிக்கும்.

ஆனால் இந்தப் புது ராடில் அரை அவுன்ஸ் லூர் சரியாகப் போகாது, பழைய ராடை விற்றுவிடாதீர்கள்.