திருகோணமலையிலிருந்து நடத்தைப் பகுப்பாய்வு ஆய்வாளராக முடியுமா?

கேள்வி இதுதான்: உயர்தரம் முடித்துவிட்டுத் திருகோணமலையில் இருக்கும் ஒருவர், நடத்தைப் பகுப்பாய்வின் (நடத்தையை அளந்து, சூழலோடு அதற்குள்ள தொடர்பை ஆராயும் துறையின்) வரலாற்றையும் கோட்பாட்டையும் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஆய்வு செய்யும் வேலைக்குப் போகலாமா? எங்கே தொடங்குவது?

போகலாம். ஆனால் அந்தப் பெயரிலேயே இலங்கையில் வெற்றிடம் வருமென்று காத்திருக்க வேண்டாம். உளவியல் அல்லது கல்வியியல் விரிவுரையாளராக உள்ளே போய், ஆய்வை இந்தப் பக்கம் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்குச் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ கேட்பார்கள். அதனால் முதலாம் வருடப் புள்ளியே முக்கியம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இருப்பவை தொடர்பாடல் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம். உளவியலுக்குப் பேராதனை போன்ற வேறு பல்கலைக்கழகங்களையோ, வேலை பார்த்துக்கொண்டே படிப்பதென்றால் திறந்த பல்கலைக்கழகத்தையோ பார்க்க வேண்டும்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்வோருக்கான பிசிபிஏ (நடத்தைப் பகுப்பாய்வாளர்) சான்றிதழ் வேறு, கல்விசார் பணி வேறு. அந்தச் சான்றிதழைத் தரும் அமெரிக்கச் சபை 2023 முதல் ஒருசில நாடுகளில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. அதற்கென்று காசு வாங்கும் ஒன்லைன் பாடநெறியில் சேருமுன் இதை விசாரியுங்கள். விரிவுரையாளர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை.

கோட்பாடு பிடித்தவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, தரவு எடுக்கப் பழகாமல் தத்துவத்துக்குள் இறங்குவது. இந்தத் துறையின் கோட்பாடு முழுக்க அளவீட்டின் மேல்தான் நிற்கிறது. ஒரு நடத்தையைக்கூட எண்ணிப் பார்க்காதவர் எழுதும் கட்டுரையை மதிப்பாய்வாளர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பழகுவதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்றை இரண்டு பேர் பத்து நிமிடம் பாருங்கள். பத்துச் செக்கனுக்கு ஒரு இடைவெளி வைத்தால் 60 இடைவெளி வரும். "ஆளை நோக்கி இரண்டு அடியாவது எடுத்து வைத்தல்" என்று நடத்தையை முதலே வரையறுத்து, ஒருவர் தாளை மற்றவர் பாராமல் குறியுங்கள். இருவரும் தலா 4 இடைவெளியில் குறித்து, அவற்றில் 2 மட்டும் பொருந்துகிறது என்று வைப்போம். 56 இடைவெளியில் இருவரும் ஒத்துப்போவதால் உடன்பாடு 93 வீதம். 80 வீதம் போதும் என்பது வழக்கமான அளவுகோல் என்பதால் சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் நடத்தை நடந்ததாக யாராவது ஒருவர் குறித்த இடைவெளிகள் 6. அதில் இருவரும் சேர்ந்து கண்டது 2. அதாவது 33 வீதம். ஒன்றும் நடக்காத இடைவெளிகள்தான் எண்ணை ஊதிப் பெருக்கின. அரிதான நடத்தைக்கு நடந்த இடைவெளிகளை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது இதைச் செய்து பார்த்தவருக்கு மறக்காது. (மானுக்குத் தீனி கொடுத்துச் சோதிக்க வேண்டாம். பார்த்தால் போதும்.)

வாசிப்புக்கு நூலகம் தூரம் என்ற சாட்டு செல்லாது. இந்தத் துறையைத் தொடக்கிய அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1953இல் வெளியிட்ட 'சயன்ஸ் அண்ட் ஹியூமன் பிஹேவியர்' அவர் பெயரிலான அறக்கட்டளையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1958இல் தொடங்கிய பரிசோதனை நடத்தைப் பகுப்பாய்வு இதழும், 1968இல் வந்த பிரயோக இதழும், 2012 வரையான இதழ்களோடு பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச ஒன்லைன் காப்பகத்தில் திறந்தே இருக்கின்றன. ஸ்கின்னரின் 1938ஆம் ஆண்டு நூலில் தொடங்காதீர்கள். அது எலிகளின் திரள் வரைபடங்கள் (நடத்தை எத்தனை தடவை என்று கூட்டிக்கொண்டே போகும் கோடுகள்) நிறைந்தது, பாதியில் களைத்துவிடும். 1953 நூல், பிறகு 1945இல் ஸ்கின்னர் உளவியற் சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரை, பிறகு இரண்டு விசைகளில் எதைப் புறா எவ்வளவு கொத்துகிறது என்று பார்த்த ஹெர்ன்ஸ்டைனின் 1961ஆம் ஆண்டுப் பரிசோதனை, பிறகு பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு எப்படி இருக்க வேண்டும் என்று பேயர், வூல்ஃப், ரிஸ்லி எழுதிய 1968ஆம் ஆண்டுக் கட்டுரை. இந்த ஒழுங்கு வேலை செய்யும். ஹெர்ன்ஸ்டைனின் வரைபடத்தை நீங்களே ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள். (நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவில் இருக்கும் புறாவும் அவருடைய பரிசோதனைப் பெட்டியில் கொத்திய புறாவும் ஒரே இனந்தான்.)

வரலாற்று ஆய்வில் இன்னும் நிறைய வேலை கிடக்கிறது. காரணம், பாடநூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுகின்றன. ஆரோக்கியமான ஒரு டசின் குழந்தைகளைத் தந்தால் எவரையும் எதுவாகவும் ஆக்கிக் காட்டுவேன் என்று நடத்தைவாதத்தைத் தொடக்கிய வாட்சன் சொன்னதாக எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். தன் சான்றுகளைத் தாண்டிப் பேசுவதாக அவரே ஒப்புக்கொள்ளும் அடுத்த வாக்கியம் அநேகமாக எங்கும் வருவதில்லை. ஸ்கின்னரின் மொழி பற்றிய நூலுக்கு மொழியியலாளர் சொம்ஸ்கி எழுதிய 1959ஆம் ஆண்டு மதிப்புரைக்கு நடத்தைவாதிகள் பதிலே சொல்லவில்லை என்பதும் இதே ரகம். உளவியலாளர் மக்கோர்கோடேல் 1970இல் அந்தப் பரிசோதனை இதழிலேயே விரிவான மறுப்பு எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து, மதிப்புரை ஸ்கின்னர் சொன்னதைத் தாக்குகிறதா, வேறொருவர் சொன்னதைத் தாக்குகிறதா என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு போங்கள். இளமாணி ஆய்வுக்கு அதுவே போதுமான தலைப்பு.

தமிழில் எழுத விரும்பினால் கலைச்சொல்லே ஒரு ஆய்வுப் பிரச்சினை. விளைவால் ஒரு நடத்தை கூடுவதற்கு எங்கள் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் 'மீளவலியுறுத்தல்', தமிழ்நாட்டில் 'வலுவூட்டல்'. அது பெரிய விடயமில்லை. சிக்கல் 'எதிர்' என்ற முன்னொட்டில். கணக்குக் கொப்பியை எடுத்ததும் பிள்ளை அழுகிறது, அம்மா கொப்பியை மூடிவிடுகிறார், நாளைக்கு அழுகை கூடுகிறது. இது எதிர் மீளவலியுறுத்தல். ஏதோ ஒன்று அகற்றப்பட்டதால் நடத்தை கூடியது. 'எதிர்' என்றதும் மாணவர்கள் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள், வினாத்தாளிலும் அப்படியே வருகிறது. ஸ்கின்னர் கருதியது வெறும் கழித்தற்குறி. நேர், எதிர் என்ற இந்த வேறுபாடே தேவையா என்று நடத்தைப் பகுப்பாய்வாளர் ஜாக் மைக்கல் 1975இல் கேட்டதையும் சேர்த்து வாசியுங்கள். ஸ்கின்னரின் தத்துவமான 'ராடிக்கல் பிஹேவியரிசம்' என்பதைத் 'தீவிர நடத்தைவாதம்' என்று பெயர்த்தது இதைவிட மோசம், ஏதோ குண்டு வைக்கிற கூட்டம் போலக் கேட்கிறது. 'ராடிக்கல்' என்றால் வேர் வரை போவது, எண்ணத்தையும் உணர்ச்சியையும்கூட நடத்தையாக எடுத்துக்கொள்வது என்பதே பொருள்.

ஆங்கிலம் அல்லாத மொழியில் இந்தத் துறை வேரூன்ற முடியுமா என்றால் பிரேசிலைப் பாருங்கள். ஸ்கின்னரின் நண்பரான அமெரிக்க உளவியலாளர் பிரெட் கெல்லர் 1961இல் சாவோ பாவுலோவுக்குப் படிப்பிக்கப் போனார். இன்று அங்கே கோட்பாட்டு ஆய்வு போர்த்துக்கேய மொழியிலேயே நடக்கிறது.

கலாநிதிப் பட்டத்துக்கு வெஸ்டர்ன் மிச்சிகன், நெவாடா ரெனோ, கன்சாஸ் போன்ற பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் துறைக்கு மட்டுமல்ல, ஒரு மேற்பார்வையாளருக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கிறீர்கள். முடிவுத் திகதி அநேகமாக டிசம்பரில் வரும், ஆகவே செப்டெம்பரிலேயே அவருக்கு மின்னஞ்சல் போக வேண்டும். ஸ்கின்னரை எவ்வளவு பிடிக்கும் என்று எழுதாதீர்கள். அந்த மேற்பார்வையாளருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்குப் பொருந்தாத ஒரு இடத்தைப் பக்க எண்ணோடு காட்டி, அதற்கு நீங்கள் பார்த்த மூலத்தைச் சொல்லி, நான்கு வரியில் கேளுங்கள். உதவிப்பணம் உண்டா என்பதை இரண்டாவது மின்னஞ்சலுக்கு வையுங்கள்.